படப்புத்தகத்துச் சிங்கமும் பள்ளிக்கூடத்து ஓணானும்

ஆண்டுதோறும் அக்டோபர் 2 முதல் 8 வரை வனவிலங்கு வாரம் வருகிறது. தொடக்கப்பள்ளிகளில் அந்த வாரம் ஒரு திருவிழா. பிள்ளைகள் காகிதத்தில் புலிமுகம் வெட்டி முகத்தில் கட்டிக்கொள்கிறார்கள். யானைக்கு வண்ணம் தீட்டுகிறார்கள். வரிசையில் நின்று, காட்டையும் விலங்கையும் காப்போம் என்று முழங்குகிறார்கள். சிறந்த படத்துக்குப் பரிசுண்டு. பரிசு வழங்க வருபவரின் சொற்பொழிவும் உண்டு. விழா முடிந்து மணியடித்ததும் அதே பிள்ளைகளில் சிலர் பள்ளியின் கிளுவை வேலியோரம் கூடுகிறார்கள். வேலியின் மேல் ஓர் ஓணான் தலையை ஆட்டிக்கொண்டிருக்கிறது. கல் பறக்கிறது. புலி காக்கப்பட்டது, ஓணான் செத்தது.

இந்தப் பிள்ளைகளை நாம் நோவதற்கில்லை. கற்பித்ததைக் கற்றுக்கொண்டார்கள், கற்பிக்காததைக் கற்றுக்கொள்ளவில்லை. அவர்கள் கையில் நாம் கொடுத்த படப்புத்தகத்தில் சிங்கம் இருந்தது, ஒட்டகச்சிவிங்கி இருந்தது, கரடி சட்டை போட்டுக்கொண்டு தேநீர் அருந்திற்று. ஓணான் இருந்ததா? இருந்திருந்தாலும், அது எதைத் தின்கிறது, எங்கே முட்டையிடுகிறது, ஏன் தலையை ஆட்டுகிறது என்று ஒரு சொல்லேனும் இருந்ததா? இல்லையெனில், அந்தக் கல்லை எறிந்த கை யாருடையது என்பதை நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

தொடக்கப்பள்ளியில் காட்டுயிர்ப் பாதுகாப்பைக் கற்பிக்கப் படப்புத்தகத்தைவிடச் சிறந்த கருவி வேறில்லை என்பதே நம் கட்சி. ஆயினும், இன்று பெரும்பாலும் நாம் தேர்ந்தெடுக்கும் புத்தகங்களும், அவற்றை நாம் வகுப்பில் கையாளும் முறையும் அந்த நோக்கத்துக்கே பகையாக நிற்கின்றன. அவற்றில் மூன்று குற்றங்களைக் காண்கிறோம். முதலாவது, அவை தொலைவில் உள்ளதைக் காட்டி அருகில் உள்ளதை மறைக்கின்றன. இரண்டாவது, விலங்கைக் காட்டுவதாகச் சொல்லி வேடமிட்ட மனிதனைக் காட்டுகின்றன. மூன்றாவது, ஏழையின் பிள்ளையிடம் அவனுடைய தந்தையைக் குற்றவாளியாக்கிக் கொடுக்கின்றன. இம்மூன்றில் கடைசியானதே கொடியது.

கதை எழுதும் தீர்ப்பு

"ஒரு படப்புத்தகத்தைப் பற்றி இவ்வளவு பேச்சா?" என்று கேட்பவர் உண்டு. அவர்களுக்கு நம் வீட்டு முற்றத்திலேயே விடை இருக்கிறது. அணிலின் முதுகில் மூன்று கோடுகள் எப்படி வந்தன என்பதற்கு நாடறிந்த ஒரு கதை உண்டு. அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த குழந்தை அணிலைக் கண்டால் அரிசி போடுகிறது. ஓணானுக்கும் கதைகள் உண்டு. ஊருக்கு ஒன்றாக, சமூகத்துக்கு ஒன்றாக உண்டு. கதைகள் வேறு வேறு. தீர்ப்பு மட்டும் ஒன்றே. இரண்டும் ஒரே மரத்தில் ஏறி இறங்கும் சிற்றுயிர்களே. ஒன்று செல்லப்பிள்ளையாகவும் மற்றொன்று பகையாகவும் ஆனது எதனால்? ஐந்து வயதில் காதில் விழுந்த ஒரு கதையால். சட்டப் புத்தகம் செய்ய முடியாததைப் பாட்டியின் கதை செய்து முடித்திருக்கிறது. கதைக்கு இத்தனை வல்லமை உண்டென்றால், கதையோடு படமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

பழையோர் இதனை அறிந்திருந்தனர். எட்டாம் நூற்றாண்டில் பஹ்லவி மொழியிலிருந்து ‘கலீலா வ திம்னா’வை அரபியில் ஆக்கிய இப்னுல் முகஃப்பஃ தம் முன்னுரையில் அந்நூலின் நோக்கங்களை வரிசைப்படுத்துகிறார். விலங்குகளின் வாயிலாகப் பேசவைப்பது இளைஞரை ஈர்ப்பதற்கு. பல வண்ணங்களில் விலங்குகளின் உருவங்களைத் தீட்டுவது மன்னர்களின் மனத்தை மகிழ்விப்பதற்கு என்கிறார். படம் மனத்துக்குள் நுழையும் வாயில் என்பது நேற்று மேலைநாட்டில் கண்டுபிடித்த புதுமையன்று.

சட்டமும் தன் பங்கைச் செய்திருக்கிறது. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம், கல்வியின் எல்லா நிலைகளிலும் சுற்றுச்சூழல் கட்டாயப் பாடமாக வேண்டுமென்று பணித்தது. பாடம் வந்தது. பாடத்தோடு தேர்வும் வந்தது. "அழிந்துவரும் உயிரினங்கள் நான்கு கூறுக" என்னும் வினாவும், அதற்கு மனப்பாடமான விடையும் வந்தன. விடை எழுதி மதிப்பெண் பெற்ற பிள்ளைக்கு அந்த நான்கில் ஒன்றின் மேலாவது அன்பு வந்ததா என்பதை எந்தத் தேர்வும் கேட்கவில்லை. தேர்வு தர இயலாத அந்த அன்பைத்தான் படப்புத்தகம் தர வேண்டும்.

வனம் எங்கே இருக்கிறது?

‘வனவிலங்கு’ என்னும் சொல்லே பிள்ளையைத் திசை திருப்புகிறது. வனம் என்பது எங்கோ இருப்பது. விலங்கு என்பது பெரியது. ஆகவே வனவிலங்கு என்பது எங்கோ இருக்கும் பெரியது என்று குழந்தை முடிவு செய்கிறது. நம் எழுத்து அட்டைகளும் அதனை உறுதிப்படுத்துகின்றன. ‘ஒ’வுக்கு ஒட்டகம், ‘சி’க்குச் சிங்கம். சிங்கம் இந்நாட்டில் குஜராத்தின் கிர் காட்டையும் அதனை அடுத்த பகுதிகளையும் தவிர வேறெங்கும் காட்டில் திரிவதில்லை. ஒட்டகத்தை நம் ஊர்ப் பிள்ளை திருவிழாவிலோ கடற்கரையிலோ முதுகில் ஏறிச் சுற்றக் காசு கொடுத்துக் காண்பதோடு சரி. தலைக்கு மேல் வட்டமிடும் கரும்பருந்துக்கும், வயல் வரப்பில் நிற்கும் மடையானுக்கும், மழை பெய்த இரவில் கத்தும் தவளைக்கும் அட்டையில் இடமில்லை.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய நோயன்று. இங்கிலாந்தில் ஆண்ட்ரூ பால்ம்ஃபோர்டும் உடனுழைத்தோரும் 4 முதல் 11 வயதுவரையுள்ள 109 பள்ளிப் பிள்ளைகளை ஆராய்ந்து 2002ஆம் ஆண்டு ‘சயன்ஸ்’ இதழில் எழுதினர். பொக்கிமோன் என்னும் விளையாட்டுச் சீட்டுகளில் வரும் கற்பனை உருவங்களையும், தம் நாட்டு உயிரினங்களையும் படங்களாகக் காட்டிப் பெயர் கேட்டனர். எட்டு வயதுப் பிள்ளைகள் கற்பனை உருவங்களில் பத்துக்கு எட்டை அடையாளம் கண்டனர். தம் மண்ணின் உயிர்களில் ஏறத்தாழப் பாதியையே கண்டனர். இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. பெயர்களைக் கற்கும் ஆற்றல் பிள்ளைக்கு மலையளவு இருக்கிறது. அந்த ஆற்றலுக்கு நாம் எதை இரையாகப் போடுகிறோம் என்பதுதான் கேள்வி.

இன்னொரு கேடும் உண்டு. பெரிய விலங்குகளின் படங்களையே எங்கும் காணும் கண், அவை எங்கும் நிறைந்திருப்பதாக நம்பிவிடுகிறது. பிரான்சு நாட்டு அறிஞர் ஃபிராங்க் கூர்ஷாம்பும் உடனுழைத்தோரும் 2018இல் வெளியிட்ட ஆய்வொன்று இதனை எடுத்துக்காட்டியது. அந்நாட்டில் 2010ஆம் ஆண்டில் மட்டும் விற்பனையான ‘சோஃபி’ என்னும் ஒட்டகச்சிவிங்கிப் பொம்மைகள் ஏறத்தாழ 8 லட்சம். ஆப்பிரிக்காவில் உயிரோடு உலவும் ஒட்டகச்சிவிங்கிகளைப் போல் எட்டு மடங்குக்கும் மேல்! தொட்டிலில் ஒன்று, சட்டையில் ஒன்று, புத்தகத்தில் ஒன்று எனக் கண்டு வளர்ந்த பிள்ளைக்கு அது அருகிவரும் விலங்கு என்று சொன்னால் எப்படி நம்பும்? புலியை நாம் பல்பொடியிலும் தீப்பெட்டியிலும் பனியனிலும் கண்டவர்கள். காட்டில் அதன் நிலை வேறு.

"அப்படியானால் நம் குழந்தை சிங்கத்தையே அறிய வேண்டாமா?" என்று கேட்கலாம். அறியட்டும், நிறைய அறியட்டும். கற்பனைக்கு வேலி போட வேண்டுமென்று நாம் கூறவில்லை. முதலில் தன் தெருவை அறிந்து, பிறகு உலகை அறியட்டும் என்கிறோம். தமிழ்நாடு தன் மாநில விலங்காக நீலகிரி வரையாட்டையும், பறவையாக மரகதப்புறாவையும், 2019ஆம் ஆண்டில் மாநிலப் பட்டாம்பூச்சியாகத் தமிழ் மறவனையும் கொண்டது. இம்மூன்றையும் படத்தில் பார்த்துப் பெயர் சொல்லக்கூடிய ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் நம் தெருவில் எத்தனை பேர் என்று வாசகர்களே ஒரு மாலைப்பொழுதில் கேட்டுப் பார்க்கலாம்.

வேடமிட்ட விலங்குகள்

இரண்டாவது குற்றத்துக்கு வருவோம். விலங்குக் கதை என்றாலே நமக்கு நினைவு வருவது பஞ்சதந்திரம். நரி தந்திரக்காரன், கழுதை மூடன், பாம்பு வஞ்சகன், ஆந்தை அபசகுனம். இவை விலங்குகளா? அரசவையில் நின்ற மனிதர்கள் தோல் போர்த்து வந்திருக்கிறார்கள். அந்நூல்கள் அரசியலும் உலகியலும் கற்பிக்கப் பிறந்தவை. அந்தப் பணியை நூற்றாண்டுகளாக மிகச் சிறப்பாகச் செய்துவருகின்றன. அவற்றைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. நீதி வகுப்பில் அவை அரியணை ஏறட்டும். உயிரியல் வகுப்பில் அவற்றைச் சான்றாகக் கொண்டுவந்து நிறுத்துவதையே மறுக்கிறோம்.

‘நரித்தனம்’ என்ற சொல்லோடு வளர்ந்த பிள்ளைக்கு நரி அழிந்தால் வருத்தம் எப்படி வரும்? ஆந்தை அலறினால் வீட்டில் சாவு விழும் என்று கேட்டவன், அது வயல் எலிகளைத் தின்று உழவனுக்கு ஊதியமில்லாக் காவலனாய் இருப்பதை எப்போது அறிவான்?

கனடாவில் டொரான்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பட்ரிசியா கானியா முதலியோர் 2014இல் ஓர் ஆய்வு வெளியிட்டனர். குழந்தைகள் முன்பின் அறியாத விலங்குகளைப் பற்றிய படப்புத்தகங்களைச் சிறு பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினர். ஒருவகைப் புத்தகம் விலங்கை உள்ளது உள்ளபடி கூறிற்று. மற்றொருவகை அதனை மனிதரைப்போல் பேசவும் நினைக்கவும் வைத்தது. மனித வேடமிட்ட கதையைக் கேட்ட பிள்ளைகள், மெய்யான விலங்குக்கும் மனிதப் பண்புகளை ஏற்றிக் கூறினர். இளைய பிள்ளைகள் அவ்விலங்கைப் பற்றிய உண்மைகளையும் குறைவாகவே கற்றனர். நாம் ஊகத்தால் கூறியதை அவர்கள் அளந்து கூறியிருக்கிறார்கள்.

இங்கே ஒரு நுட்பத்தை மறந்துவிடக் கூடாது. விலங்கு பேசுவதே குற்றம் என்பதன்று. அது யாருக்காகப் பேசுகிறது என்பதே கேள்வி. பத்தாம் நூற்றாண்டில் பஸ்ராவில் வாழ்ந்த ‘இக்வானுஸ் ஸஃபா’ என்னும் அறிஞர் குழுவினர் ஒரு கதை எழுதினர். அதில் விலங்குகள் ஜின்களின் அரசன் முன்னே மனிதர்மீது வழக்குத் தொடுக்கின்றன. எங்களை அடிமையென்று கூற இவர்களுக்கு என்ன உரிமை என்று ஒவ்வோர் இனமும் தன் வாழ்க்கையையும் தன் துன்பத்தையும் எடுத்துரைக்கிறது. அங்கே விலங்கு தனக்காகப் பேசுகிறது. நம் காலத்துப் படப்புத்தகக் கரடியோ, பல் துலக்கு, பால் குடி, பெரியோரை வணங்கு என்று நமக்காகப் பேசுகிறது. ஆயிரம் ஆண்டுக்கு முன் எழுதியவர்களிடம் இருந்த கருணை, பல வண்ண அச்சு இயந்திரம் வந்தபின் எங்கே போயிற்று?

படங்களிலும் பொய் மலிந்திருக்கிறது. எட்டுக் கால் சிலந்திக்கு ஆறு கால் போடுகிறார்கள். இந்திய யானைக்கு ஆப்பிரிக்க யானையின் காதை ஒட்டுகிறார்கள். தோகை விரித்த மயிலைப் பெண்ணாக்குகிறார்கள். வடதுருவத்துப் பனிக்கரடியும் தென்பாதி உலகத்துப் பென்குவினும் ஒரே பனிப்பாறையில் கைகோத்து ஆடுகின்றன. கணக்குப் புத்தகத்தில் இரண்டும் இரண்டும் ஐந்து என்று அச்சிட்டால் நாம் பொறுப்போமா? சிலந்தியின் கால் மட்டும் எப்படிப் போனால் என்ன என்று விட்டுவிடுகிறோம். பொய்யாய் வரைந்த உயிரை மெய்யாய்க் காப்பது எப்படி?

வலை வீசும் தந்தை

மூன்றாவது குற்றத்தை விரிவாகக் கூற வேண்டும்.

காட்டுயிர்ப் பாதுகாப்புக்கென்றே எழுதப்படும் படப்புத்தகங்களில் வழக்கமாக ஒரு வில்லன் இருக்கிறான். அவன் கையில் வலை இருக்கும், அல்லது கண்ணி இருக்கும், அல்லது கோடரி இருக்கும். மேலே சட்டை இராது. நிறம் கறுப்பு. அவனிடமிருந்து விலங்கைக் காப்பாற்றும் நல்லவர்கள் காலணி அணிந்திருப்பார்கள், கண்ணாடியும் அணிந்திருப்பார்கள். நகரத்துப் பிள்ளை இதனைப் படித்து நல்லவர் பக்கம் சேர்ந்துவிடுகிறது. ஆனால் இதே புத்தகம் அதிராம்பட்டினத்திலோ மல்லிப்பட்டினத்திலோ மண்டபத்திலோ ஒரு மீனவர் குப்பத்துப் பள்ளியில் திறக்கப்பட்டால் என்ன நடக்கும்? படத்தில் வலையோடு நிற்பவன் அந்தப் பிள்ளையின் தந்தை. அவர் அன்று காலைதான் கடலிலிருந்து கரையேறியிருப்பார். அந்தப் பிள்ளை புத்தகத்தை நம்ப வேண்டுமா, தந்தையை நம்ப வேண்டுமா? ஏழு வயதில் இந்தத் தேர்வை ஒரு குழந்தையின் தலையில் வைப்பதற்குக் கல்வியென்று பெயரிடலாமா?

இப்போது அதே கடலில் உள்ள ஓர் உயிரை எண்ணிப் பார்ப்போம். ஆவுளியா என்று கரையோர மக்கள் அழைக்கும் கடற்பசு, பாக் விரிகுடாவிலும் மன்னார் வளைகுடாவிலும் வாழ்கிறது. ஏறத்தாழ மூன்று மீட்டர் நீளம் வளரும். ஆழமற்ற கடலின் தரையில் முளைக்கும் கடற்புல்லை மேய்ந்து உயிர்வாழும். மீனைப்போல் நீரில் மூச்சுவிடாது. நம்மைப்போல் காற்றை இழுக்கச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வர வேண்டும். வலையில் சிக்கி மேலே வர முடியாமற் போனால் நீரிலேயே மூச்சுத் திணறி இறந்துபோகும். கருவைச் சுமப்பது ஓராண்டுக்கும் மேல். ஈனுவது ஒரே கன்று. அடுத்த கன்றுக்கு மூன்றிலிருந்து ஏழாண்டு இடைவெளி. ஆகையால் ஒரு தாய் இறந்தால் அந்த இடம் நிரம்ப நெடுங்காலம் ஆகும். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதனை முதல் அட்டவணையில் வைத்திருக்கிறது. 2022ஆம் ஆண்டு செப்டம்பரில் தமிழ்நாடு அரசு பாக் விரிகுடாவில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடற்பரப்பில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. நாட்டிலேயே அவ்வகையில் அது முதலாவது.

இந்தக் கடற்பசுவைக் காப்பவர் யார்? அதிகாரி கரையில் இருக்கிறார். அறிஞர் ஆய்வகத்தில் இருக்கிறார். நள்ளிரவில் வலை கனக்கும்போது அங்கே இருப்பவர் மீனவர் ஒருவரே. வலையை அறுப்பதா, விலங்கை விடுவதா என்று அந்தக் கணத்தில் முடிவெடுப்பவரும் அவரே. பிழைப்புக்கு உள்ள ஒரே வலையை அறுத்துக் கடற்பசுவை விடுவித்த மீனவர்கள் இக்கரையில் இருக்கிறார்கள். அரசு அவர்களுக்கு ஊக்கத்தொகையும் அளித்திருக்கிறது. இதுவல்லவா படப்புத்தகத்துக்குரிய கதை? இருட்டு, அலை, கனத்த வலை, உள்ளே ஒரு பெருமூச்சு, கையில் கத்தி, மனத்தில் நாளைய சோறு. இதைவிடப் பெரிய வீரக்கதை எந்தச் சிங்கத்திடம் இருக்கிறது? அந்தப் புத்தகத்தைப் படிக்கும் குப்பத்துப் பிள்ளை தந்தையை வெறுக்காது, நிமிர்ந்து பார்க்கும். நாளை அது கடலுக்குப் போகும்போது கை தானாகவே வலையைத் தளர்த்தும்.

இத்தகைய நூல் எழுத முடியும் என்பதற்குச் சான்றும் இருக்கிறது. ஜாய் விட்டேக்கர் எழுதிச் சென்னையின் தூலிகா பதிப்பகம் வெளியிட்ட ‘காளியும் சாரைப்பாம்பும்’ பற்றிய சிறு படப்புத்தகத்தை எடுத்துக்கொள்வோம். காளி இருளர் இனத்துச் சிறுவன். தந்தை பாம்பு பிடிப்பவர். பள்ளியில் தன் குடும்பத் தொழிலைச் சொல்லக் கூசுகிறான். ஒருநாள் வகுப்பறைக்குள் சாரைப்பாம்பு நுழைகிறது. எல்லோரும் அலறியோட, காளி அதனை அமைதியாகப் பிடிக்கிறான். இழிவென்று எண்ணியது அறிவென்று விளங்குகிறது. சாரை நஞ்சற்றது என்ற உயிரியல் உண்மையும், காளி நம்மில் ஒருவன் என்ற மானிட உண்மையும் ஒரே படத்தில் பிள்ளையின் மனத்தில் பதிகின்றன. இருளர்களின் இந்த அறிவு கதைக்காகக் கற்பித்ததன்று. 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் பாம்புக்கடி மருந்துக்கு நஞ்சு எடுத்துத் தருகிறது. 2023ஆம் ஆண்டில் வடிவேல் கோபால், மாசி சடையன் என்னும் இருளர் இருவருக்குப் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது.

2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்டத்தைத் தொடர்ந்து மத்தியக் கல்வி ஆராய்ச்சிக் குழு வெளியிட்ட ஐந்தாம் வகுப்புச் சூழ்நிலையியல் நூலிலும் பாம்பாட்டி ஒருவர் தம் கதையைத் தாமே கூறும் பாடம் இருந்தது. பாம்புகளோடு தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த தம் மக்கள், புதிய சட்டத்துக்குப் பின் எப்படிப் பிழைப்பது என்ற கேள்வியை அவர் மாணவர்முன் வைத்தார். பாதுகாப்பு என்பது பாம்புக்கு மட்டுமா, பாம்பாட்டிக்கும் உண்டா என்று பத்து வயதுப் பிள்ளை யோசித்தது. இதுவே கல்வி. மற்றது முழக்கம்.

பெயர் சொல்லிக் கொடுத்த பெரியவர்

அறிஞர் சாலிம் அலியின் இளமைக் கதை பலரும் அறிந்ததே. சிறுவராய் இருந்தபோது விளையாட்டுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டார். அதன் தொண்டையில் மஞ்சள் நிறம் கண்டு வியந்து, மாமா அமீருத்தீன் தையப்ஜியின் அறிமுகக் கடிதத்தோடு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குப் போனார். அங்கே செயலாளராயிருந்த மில்லார்டு அந்தப் பறவையின் பெயரைச் சொன்னார். அலமாரிகளைத் திறந்து, பதப்படுத்தி வைத்திருந்த பறவைகளை வரிசை வரிசையாகக் காட்டினார். படிக்க நூல்கள் தந்தார். அச்சிறுவர் பின்னாளில் 1941ஆம் ஆண்டு ‘இந்தியப் பறவைகள்’ என்னும் நூலை வெளியிட்டார். அதன் வண்ணப் படங்களைப் பார்த்தே பறவைகளை அடையாளங்காணக் கற்றவர்கள் இந்நாட்டில் பல்லாயிரவர்.

இதில் நம் ஆசிரியர்களுக்கு ஒரு பாடம் உண்டு. குருவியைச் சுட்டுவிட்டு வந்த சிறுவனுக்குக் கிடைத்தவை ஒரு பெயர், ஒரு திறந்த அலமாரி, ஒரு புத்தகம். உயிர்களிடத்தில் அன்பு வேண்டுமென்னும் உபதேசத்தோடு அவனை அனுப்பியிருந்தால் ஒரு நல்ல பிள்ளை கிடைத்திருப்பான். சாலிம் அலி கிடைத்திருக்க மாட்டார். அறிமுகமில்லாத உயிரிடம் அன்பு செய் என்று கட்டளையிட முடியாது. பெயர் தெரிந்தால் முகம் தெரியும். முகம் தெரிந்தால் பழக்கம் வரும். பழகியதை அழிக்க மனம் வராது. அணிலின் வரலாறும் இதுவே.

வகுப்பறையில் செய்ய வேண்டுவது

நல்ல புத்தகம் கிடைத்தாலும் கெட்ட வாசிப்பு அதனைக் கெடுத்துவிடும். கதை முடிந்ததும் "இக்கதையால் அறியப்படும் நீதி யாது?" என்று கேட்கும் வழக்கத்தை முதலில் விட்டொழிக்க வேண்டும். அந்தக் கேள்வி விழுந்த கணத்தில் ஆவுளியா மறைந்துவிடுகிறது. மதிப்பெண் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

நாற்பது பிள்ளைகளுக்கு ஒரு புத்தகம் இருந்தாலும் போதும். ஆசிரியர் படத்தைப் பிள்ளைகள் பக்கம் திருப்பிப் பிடிக்கட்டும். எழுத்தை வாசிக்குமுன் "என்ன தெரிகிறது?" என்று கேட்கட்டும். அடுத்த பக்கத்தில் என்ன வரும் என்று ஊகிக்கவிடட்டும். பிறகு பத்து நிமிடம் பிள்ளைகளை வேப்பமரத்தடிக்கு அழைத்துச் செல்லட்டும். படத்தில் கண்ட எறும்பு அங்கே இருக்கிறதா? அது எதைத் தூக்கிச் செல்கிறது? எந்தப் பொந்துக்குள் போகிறது? திரும்பி வந்து, கண்டதைக் கண்டபடி வரையட்டும். வீட்டுக்குப் போய் அந்த உயிருக்குப் பாட்டி என்ன பெயர் சொல்கிறாள் என்று கேட்டு வரட்டும். நாற்பது தாள்களையும் சேர்த்துத் தைத்தால் அந்தப் பள்ளியின் சொந்தப் படப்புத்தகம் ஆயிற்று. இதற்கு அரசாணையும் வேண்டாம்; நிதி ஒதுக்கீடும் வேண்டாம்.

ஊர்ப்பெயர்கள் முக்கியம். ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்க்கும் படப்புத்தகங்களில் இல்லாத பறவைகள் நம் மரத்தில் வந்து உட்காருகின்றன. இருக்கும் பறவைகள் பெயரிழந்து நிற்கின்றன. மடையான், தவிட்டுக்குருவி, கரிச்சான், உள்ளான் என்று நம் மக்கள் வைத்த பெயர்கள் ஒவ்வொன்றும் ஒரு சிறு பாடம். மாட்டின் முதுகில் ஏறிப் பூச்சி பிடிக்கும் கரிச்சானை ஒருமுறை பெயரோடு கண்ட பிள்ளை மறுமுறை அதனை வெறும் கறுப்புக் குருவி என்று சொல்லாது. ஒரு பெயர் சாகும்போது அவ்வுயிர் நம் மனத்தில் பாதி செத்துவிடுகிறது.

மறுப்பும் விடையும்

"எழுத்தறிவே தள்ளாடும்போது படப்புத்தகம் ஓர் ஆடம்பரம்" என்பர் சிலர். எழுத்துக்கு இழுத்துவரும் கயிறே படம் என்பதை அவர்கள் மறந்துவிட்டார்கள். விலையும் இன்று பெரிய தடையன்று. தேசியப் புத்தக நிறுவனம் நேரு பால புத்தகாலயம் என்னும் வரிசையில் நெடுங்காலமாகக் குறைந்த விலை நூல்களை வெளியிட்டுவருகிறது. பிரதம் புக்ஸ் 2015ஆம் ஆண்டு தொடங்கிய ‘ஸ்டோரிவீவர்’ தளத்திலிருந்து தமிழ்ப் படப்புத்தகங்களை எவரும் விலையின்றி எடுத்து அச்சிட்டுக்கொள்ளலாம். தமிழ்நாட்டு அரசும் 2023இல் வாசிப்பு இயக்கம் என்ற பெயரில் சிறு நூல்களைப் பள்ளிகளுக்கு அளித்தது. பஞ்சம் காகிதத்துக்கன்று, அக்கறைக்கு.

இன்னும் வலுவான மறுப்பு ஒன்று உண்டு. "காட்டை அழிப்பவை சுரங்கமும் சாலையும் அணையும் ஆலைக்கழிவும். பெரியவர்கள் செய்யும் அழிவுக்குச் சிறுபிள்ளையைப் பொறுப்பாக்குகிறீர்களே!" இந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு கடலில் மூழ்கியதற்கு முன்னாளில் பவளப்பாறைகளை வெட்டியெடுத்தது பெருங்காரணம். எந்தக் குழந்தையும் அதனை வெட்டவில்லை. ஆகவே "புலியைக் காப்பாற்றுவாயா?" என்று பிள்ளையிடம் உறுதிமொழி வாங்குவதை நாமும் கண்டிக்கிறோம். உலகம் அழியப்போகிறது என்று ஆறு வயதுப் பிள்ளையை அச்சுறுத்தும் புத்தகத்தையும் கண்டிக்கிறோம். குழந்தையின் கடமை காப்பதன்று. அறிவது, வியப்பது, பழகுவது. காக்கும் கடமை பெரியவர்களுடையது. ஆனால் இன்று வியந்த குழந்தை பதினைந்து ஆண்டில் வாக்காளர் ஆகும். ஒருவர் ஊராட்சியில் உட்காருவார், ஒருவர் படகோட்டுவார், ஒருவர் ஆலைக்கு அனுமதி வழங்கும் மேசையில் இருப்பார். அன்று அவர்கள் கையெழுத்தை நடுங்கவைக்கப் போவது ஐந்து வயதில் பார்த்த ஒரு படமாக இருக்கட்டும்.

சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் தம் கண்மாய்க்கு வரும் பறவைகள் அஞ்சிப் பறந்துவிடக் கூடாதென்று தீபாவளியன்றும் வெடி வெடிப்பதில்லை. பண்டிகை நாளில் ஊர்க் குழந்தைகள் மத்தாப்போடு நிறைவடைகிறார்கள். எந்தத் தேர்வு அவர்களுக்கு இதனைக் கற்பித்தது? பார்த்துப் பழகிய நாரையும் கொக்கும் கற்பித்தன. அந்தக் கண்மாய் எல்லா ஊரிலும் இல்லை. இல்லாத ஊருக்கு அதனைச் சுமந்து செல்லக்கூடியது படப்புத்தகம் ஒன்றே.

ஆகையால் நம் கோரிக்கை எளியது. பதிப்பகத்தார் விலங்கின் படத்தை அச்சுக்கு அனுப்புமுன் அவ்விலங்கை அறிந்த ஒருவரிடம் ஒருமுறை காட்டட்டும். எழுத்தாளர் பெருமக்கள், குழந்தைக்கு எழுதுவது கைப்பழக்கத்துக்கு என்னும் இளக்காரத்தை விட்டு, தம் ஊர்க் கண்மாயையும் கடலையும் எழுதட்டும். கடற்கரை ஊர்களில் பிறந்து இவ்விதழில் எழுதுவோருக்கு ஆவுளியாவின் கதையைச் சொல்லும் கடன் தனியே உண்டு. ஆசிரியர்கள் நீதி கேட்பதை நிறுத்திவிட்டு, சன்னலைத் திறக்கட்டும். பெற்றோர் அடுத்த முறை புத்தகக் கடையில் கோட்டுப் போட்ட கரடியைக் கீழே வைத்துவிட்டு, "ஓணான் பற்றி ஏதும் இருக்கிறதா?" என்று கேட்கட்டும். பத்துப் பேர் கேட்டால் கடைக்காரர் பதிப்பகத்தைக் கேட்பார். பதிப்பகம் எழுத்தாளரைக் கேட்கும். கல் கீழே விழும்.